கூடக் கூடும்

கட்டுப்பாடு விதித்தால் மக்கள் வாடுவார்கள், தளர்த்தினால் மகிழ்வார்கள் என்றொரு நம்பிக்கை படித்தவர்கள் நடுவிலும் பரவிக் கிடக்கிறது. இது தவறு. கட்டுப்பாட்டினால் மனிதனுக்குக் கிடைப்பது நிம்மதி. தளர்வினால் கிடைப்பது வெளியே கிளம்பித் தொலைய வேண்டிய கட்டாயம். இந்த உண்மையைக் கண்டறிந்தவர் விஞ்ஞானி அல்லர். தலைமை அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் உட்கார்ந்து, ஆணைகள் வெளியே போவதற்கு முன் அவற்றின் மொழியைச் சரிபார்க்கும் அலுவலர்.

க், ச், த், ப் மிக வேண்டிய இடத்தில் மிகாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அதனால் நண்பர்கள் ‘ஒற்றர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். நண்பர்கள் என்றால் இருவர்: பல் டாக்டர், சர்வேயர். இருபது ஆண்டுகளாகச் சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு மூவரும் ஒரே மதுக்கூடத்தில், தூணை ஒட்டிய ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே விஷயங்களைப் பேசிவந்தார்கள். பிறகு தொற்று வந்தது. “மதுக்கூடங்களில் மக்கள் கூடக் கூடாது” என்று ஆணை வந்தது. வாக்கியம் ஒற்றருடையது. ஒரே வரியில் மூன்று ‘கூட’ வந்து விழுந்ததில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

ஆணை வெளியான சனிக்கிழமை, பல் டாக்டருக்குப் போன் போட்டு, “பாதி உசுரே போன மாதிரி இருக்குய்யா” என்றார். போனை வைத்தார். அரைக்கால் சட்டைக்கு மாறினார். ஜன்னலோரம் காலை நீட்டி, அரை கிளாஸ் ஊற்றிக்கொண்டார். எதிரில் பேச ஆளில்லை. கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக ஒரு சனிக்கிழமை அவருக்கு முழுசாகக் கிடைத்திருந்தது. அடுத்த பதினெட்டு மாதமும் அப்படியே: முதலில் போனில் புலம்பல், பிறகு அரைக்கால் சட்டை.

“வெளியில ஒரு பேச்சு, உள்ள ஒரு வேலை” என்றாள் மனைவி. “ஒற்றர்னு பொருத்தமாத்தான் வச்சிருக்காங்க.”

ஒருநாள் செயலாளர் கூப்பிட்டார். தொற்று குறைந்திருந்தது.

“அந்தக் ‘கூடாது’வை மட்டும் எடுத்துடுங்க. வேற எதையும் தொட வேண்டாம்.”

“எடுத்தா ‘மதுக்கூடங்களில் மக்கள் கூட’ன்னு நிக்கும் சார். வாக்கியம் அந்தரத்துல தொங்கும்.”

“அப்போ அதுக்கு எதிர்ப்பதம் போடுங்க.”

“கூடாதுக்கு எதிர்ப்பதம் கூடும்.”

“போடுங்க.”

போட்டார். ‘கூடலாம்’ என்பதே சரி என்பது அவருக்குத் தெரியாததன்று. அந்த அலுவலகத்தில் அது தெரிந்த ஒரே ஆளும் அவர்தான். அன்று மட்டும் ஏனோ பேனாவுக்கு அந்தச் சொல் வரவில்லை.

“மதுக்கூடங்களில் மக்கள் கூடக் கூடும்.” மழை பெய்யக் கூடும் என்பதைப் போல. இது அனுமதியா, முன்னறிவிப்பா என்று மதுக்கூட உரிமையாளர்கள் எழுதிக் கேட்டார்கள். ‘முன்னறிவிப்பு’ என்ற சொல்லை முன்னிட்டு அக்கடிதம் வானிலை அலுவலகத்துக்கு மாற்றப்பட்டது. மதுக்கூடங்கள் தங்கள் வரம்பில் வாரா, ஆயினும் சனிக்கிழமை லேசான காற்று இருக்கும் என்று அங்கிருந்து பதில் வந்தது. உரிமையாளர்கள் பாதிக் கதவைத் திறந்துவைத்தார்கள். மக்கள் கூடுகிறார்களா என்று பார்க்கக் காவலர்கள் வாசலில் நின்றார்கள். காவலர்கள் நிற்பதைப் பார்த்து ஒருவரும் கூடவில்லை.

மூன்றாம் வாரம் பல் டாக்டர் போன் செய்தார்.

“சனிக்கிழமை வர்றியா, இல்லையா?”

“தெளிவு வரட்டும்யா. ‘கூடும்’கிறது நடக்க வாய்ப்பிருக்குன்னுதான் சொல்லுது. நடக்க விடுவோம்னு சொல்லலை.”

“எழுதினது யாரு?”

“அரசாங்கம்.”

“அரசாங்கத்துல யாரு?”

“அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை.”

“இங்க பாருய்யா. என்கிட்ட வர்ற எல்லாரும் வாயைத் திறந்துதான் வச்சிருக்காங்க. ஒருத்தராலயும் பேச முடியறதில்லை. இந்தச் சனிக்கிழமையும் நீ வரலைன்னா, இனிமே நான் கூப்பிடறதா இல்லை. அந்த மேசையில வேற யாராவது உக்காரட்டும்.”

அன்று ஒற்றருக்கு அரை கிளாஸ் இறங்கவில்லை. போகாவிட்டால் இருபது ஆண்டு நட்பு போய்விடும். போனால் சனிக்கிழமை போய்விடும்.

“போகணும்னு இருக்கா, வேண்டாம்னு இருக்கா?” என்று கேட்டாள் மனைவி.

“பரிசீலனையில இருக்கு.”

“யாரோட பரிசீலனையில?”

“உன்னோட பரிசீலனையிலதான். நீ போகக் கூடாதுன்னுட்டா நான் என்ன பண்ண முடியும்?”

“நான் சொல்ல மாட்டேன். உங்க ஃபைலை என் தலையில கட்டாதீங்க.”

முடிவு மேலிடத்திலிருந்து வந்தது. செயலாளர் கலங்கிப்போயிருந்தார்.

“கூடக் கூடும்னு அரசாங்கம் சொல்லியாச்சு. மூணு வாரமா ஒரு ஆள் கூடலை. அப்போ அரசாங்கம் பொய் சொல்லிடுச்சுன்னு ஆகுதா, இல்லையா?”

“கூடும்னா, கூடாமலும் போகலாம் சார்.”

“அப்படி வேற இருக்கா? அதை வெளியில சொல்லாதீங்க.”

“‘கூடலாம்’னு திருத்திடலாம் சார்.”

“திருத்தினா முதல்ல எழுதினது தப்புன்னு ஆகும். முதல்ல எழுதினது யாரு?”

ஒற்றர் திருத்தத்தை வற்புறுத்தவில்லை.

மாலைக்குள் சுற்றறிக்கை தயாராயிற்று. ஆணையின் மெய்த்தன்மையை நிலைநாட்டும்பொருட்டு, அலுவலர் அனைவரும் வரும் சனிக்கிழமை மாலை ஏழு மணிக்குத் தத்தம் வசிப்பிடத்துக்கு அருகிலுள்ள மதுக்கூடத்தில் தவறாது கூடுதல் வேண்டும். குடிப்பழக்கம் இல்லாதோர் காலிக் குவளையுடன் அமரலாம். மருத்துவ விடுப்பு ஏற்கப்படாது. மொழியைச் சரிபார்த்தவர் ஒற்றர். ஒரு பிழைகூட இல்லை.

சனிக்கிழமை மதுக்கூடம் நிறைந்திருந்தது. கழுத்தில் அடையாள அட்டையுடன், மேலதிகாரி எதிரில் உட்கார்ந்திருப்பதுபோல, எல்லோரும் விறைப்பாக இருந்தார்கள். தூணோர மேசையில் மூன்று நண்பர்களும் ஒருவரையொருவர் இரண்டு தடவை நலம் விசாரித்தார்கள். மூன்றாம் தடவை விசாரிக்க வாயெடுத்தபோது ஒற்றரால் முடியவில்லை.

“உண்மையைச் சொல்லிடறேன். எனக்கு இங்க வர இஷ்டமே இல்லை. அந்தக் ‘கூடும்’ என் வேலைதான். தெரிஞ்சேதான் போட்டேன்.”

டாக்டர் கிளாஸைக் கீழே வைத்தார். “எனக்கு மட்டும் இஷ்டமா? நாள் பூரா ஊரார் வாயைப் பாத்துட்டு, சாயங்காலம் வந்து உங்க வாயையும் பாக்கணும். நீ வாராவாரம் போன்ல அழுதே. தனியா விட்டா ஏதாவது ஆயிடுவியோன்னு பயந்துட்டேன்.”

“அப்போ பேச ஆளில்லைன்னு சொன்னது?”

“உன்னைக் கிளப்பறதுக்குத்தான். நல்லா இருந்துச்சில்ல?”

சர்வேயர் தொண்டையைச் செருமினார். “எனக்குப் பத்து வருஷமாவே இஷ்டமில்லை. மனசு விட்டுச் சொல்ல எனக்கு இருக்கிறது ரெண்டே பேர். அந்த ரெண்டு பேரும் நீங்கதான். எப்படிச் சொல்றது?”

மூவரும் சிரித்தார்கள். அடையாள அட்டைகள் திரும்பிப் பார்த்தன. யாருக்காக யார் எத்தனை சனிக்கிழமையைத் தாரைவார்த்தார்கள் என்று அடுத்த இரண்டு மணி நேரம் சண்டை நடந்தது. இருபது ஆண்டுகளில் முதல்முறையாகப் பேசுவதற்குப் புதிதாக ஒரு விஷயம் அகப்பட்டிருந்தது. யாரும் மணி பார்க்கவில்லை.

கடைசியில், இனி சனிக்கிழமைகளில் கூடுவதில்லை என்று ஒருமனதாக முடிவாயிற்று. ஒற்றர் அதைத் தீர்மானமாகவே எழுதினார். எந்தக் கூட்டத்தின் தீர்மானமும் அடுத்த கூட்டத்தில் படித்து உறுதிசெய்யப்பட்ட பிறகே நடைமுறைக்கு வரும் என்று அவர் சுட்டிக்காட்ட, மற்ற இருவரும் அதிலுள்ள நியாயத்தை ஒப்புக்கொண்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை ஏழு மணிக்கு மூவரும் வந்தார்கள். சர்வேயர் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்ததால், தீர்மானத்தை உறுதிசெய்வது அதற்கடுத்த சனிக்கிழமைக்கு ஒத்திவைக்கப்பட்டது.