பாக்கெட்காரரின் சிவப்பு நூல்

சென்னையை அடுத்த எங்கள் அண்ணனூரிலிருந்து வெளிநாடு போனவர்களில் பணமில்லாமல் நடுத்தெருவில் நின்றவர் ஒருவரும் கிடையாது. அதற்குக் காரணம் வங்கிகள் அல்ல, அரக்கோணத்தைத் தாண்டியறியாத ஒரு தையல்காரர். அவருடைய பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. பாக்கெட்காரர், அவ்வளவுதான்.

ராணுவச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் ஓய்வுபெற்று, ரயில் நிலையத்தின் அருகே கடை போட்டவர். வெளிநாடு போகிறவர்களின் துணியில் ரகசியப் பாக்கெட் வைப்பதுதான் அவருடைய புகழ். அவரது மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஓர் ஐம்பது யூரோ நோட்டு இருக்கும். ஊர் திரும்பிய வாடிக்கையாளர் ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்தது. கடையிலிருந்த சாமி படத்தை வாரம் ஒருமுறை துடைப்பார். அந்தக் கண்ணாடியைத் தினமும்.

ஒருமுறை ரயில்வே குவார்ட்டர்ஸ்காரர் ஒருவர் பேரனைப் பார்க்கச் சிங்கப்பூர் கிளம்பினார். அவர் கேட்டது ஒரு பாக்கெட். இவர் வைத்தது ஏழு. அங்கே டாக்சிக்குக் கொடுக்க மனிதர் பணத்தைத் தேடி எடுப்பதற்குள் பேரன் ஓரங்குலம் வளர்ந்துவிட்டானாம். ஆனால் ஒரு டாலர்கூடத் தொலையவில்லை. கடைசி நோட்டு மட்டும் மூன்றாவது சலவையில் கிடைத்தது.

என் மகள் நிவேதாவைக் கடைக்கு அழைத்துப் போய், அவள் இத்தாலிக்குப் படிக்கப் போவதாகச் சொன்னதும், டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு விசாரணையை ஆரம்பித்தார்.

"அங்க கடைல கார்டு தேய்க்கிற மெஷின் ரூபாய்ல கட்றியான்னு கேக்கும். நம்மூரு காசாச்சேன்னு பாசத்துல அமுக்கிடாத பாப்பா. அந்தப் பாசத்துக்குத் தனியா துட்டு புடுங்குவான். அந்த ஊரு காசுலயே கட்டு."

பிறகு என் பக்கம் திரும்பினார். "ஓடிபி யாரு போனுக்கும்மா வரும்?"

என் போனுக்குத்தான் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அவள் பத்தாவது படிக்கும்போது நான் தொடங்கிக் கொடுத்த வங்கிக் கணக்கு. கார்டின் ரகசிய எண்ணும் நான் வைத்ததுதான்: என் கல்யாண நாள்.

"அப்ப நீயும் கூடவே பூடும்மா."

சிரித்துவிட்டேன். நிவேதாவின் சுடிதார் மடிப்பில் தைத்த பாக்கெட்டில் வைக்கப் பணம் கேட்டார். கார்டு இருக்கும்போது எதற்கு என்றேன். அவர் வாதாடவில்லை. துணியைக் கொடுக்கும்போது பாக்கெட்டின் வாய் சிவப்பு நூலால் தைத்து மூடப்பட்டிருந்தது. வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும் பிரிக்கச் சொன்னார். வெறும் பாக்கெட்டுக்கு இவ்வளவு பந்தாவா என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் இத்தாலியில் இறங்கிய அன்று, வேலை முடிந்து மாலை ரயிலில் கூட்டத்தில் நசுங்கி வந்து அண்ணனூரில் இறங்கினேன். கைப்பையிலிருந்து போனை எடுத்தால் பதினொரு தவறிய அழைப்புகள், காலாவதியான நான்கு ஓடிபிக்கள். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அரை மணி நேரம் அவள் எண்ணையே அழுத்திக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அவளே கூப்பிட்டாள். விடுதி வாசலில் டாக்சிக்குப் பணம் கட்டப் போயிருக்கிறாள். பதற்றத்தில் என் கல்யாண நாளை மூன்று முறை தப்பாக அழுத்தியதில் கார்டு முடங்கிவிட்டது. அவள் அப்பாவுக்கே நினைவிருக்காத நாள், அவளை என்ன சொல்ல? போன் வழியாகக் கட்டப் பார்த்தால், ஓடிபி என் கைப்பைக்குள் வந்துகொண்டிருந்தது. காசு வராமல் டிக்கியைத் திறக்க மாட்டேன் என்று டிரைவர் நின்றுவிட்டார். அவள் சான்றிதழ்கள் மொத்தமும் அதற்குள்.

"நூலைப் பிரிச்சேன்மா. அம்பது யூரோ இருந்துச்சு. பெட்டி வந்துடுச்சு. நீதானே வெச்ச?"

நான் வைக்கவில்லை.

நேரே கடைக்குப் போனேன். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் நோட்டு இல்லை. சுற்றிலும் வெளுத்த மரத்தில், அது இருந்த இடம் மட்டும் வெளுக்காத ஒரு கட்டமாகத் தெரிந்தது. நான் பார்ப்பதைப் பார்த்தார்.

"எத்தினி வருசமா இங்கயே குந்திகினு கீது. அதுவும் அதோட ஊரைப் பாத்துட்டு வரட்டுமே," என்றார், ஊசியில் நூலைக் கோத்தபடி. "புள்ள சாப்ட்டுச்சா?"

நான் நீட்டிய பணத்தை வாங்கவில்லை. நிவேதா திரும்பி வந்து அவள் கையால் கொடுக்க வேண்டுமாம். அதுவரை அந்தக் கட்டத்தின் மேல் ஒரு நூல்கண்டுகூட வைக்க யாரையும் விடுவதில்லை. நானும் தினமும் காலையில் அதை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ரயில் ஏறுகிறேன்.