கஜபதி வீட்டு டியூப் லைட்

அம்பத்தூர்,
12-5-1973

சிரஞ்சீவி மைத்துனன் ரகுநாதனுக்கு உன் மாமா வரதன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்காள் தாட்சாயிணியும் மகள் வசந்தாவும் முருகன் அருளால் சுகம். வேப்பம்பட்டில் நீயும் உன் சம்சாரமும் கறவை மாடும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். பேச்சுக்குத்தான் சுகம் என்று எழுதினேன். பக்கத்து வீட்டில் கஜபதி இருக்கும்வரை எனக்கு ஏது சுகம்?

இந்தக் கஜபதி என்னோடு அதே பட்டறையில், அதே சம்பளத்துக்கு நட்டும் போல்ட்டும் கடைகிறவர்தான். பொங்கலுக்கு அவர் வீட்டில் டியூப் லைட் மாட்டினார். அன்றிலிருந்து பூக்கட்டுவது, பேன் பார்ப்பது, ஊர்வம்பு எல்லாம் அங்கேதான். உன் அக்காளே அரிசி பொறுக்க முறத்தோடு அங்கே போய்விட்டாள். கேட்டதற்கு, "நம்ம ஊட்ல கல்லு எது, அரிசி எதுன்னே தெரில. அங்க இன்னாமா பளிச்சுனு கீது தெரியுமா?" என்றாள். கட்டின புருஷன் வீட்டு வெளிச்சத்தில் கல் தெரியாதாம்! எனக்கு வயிறு எரிந்தது, உன்னிடம் மறைப்பானேன். அடுத்த சம்பளத்தில் நானும் ஒரு டியூப் லைட் வாங்கி மாட்டினேன்.

மாட்டினால் எரிய வேண்டுமல்லவா? கண் சிமிட்டியது, உறுமியது, ஓரங்களில் சிவந்தது, அவ்வளவுதான். ஸ்டார்ட்டரை மாற்றினேன், சோக்கை மாற்றினேன், குழாயைக் கழற்றித் திருப்பி மாட்டினேன், கடைசியில் துடைப்பக்கட்டையால் தட்டியும் பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் கஜபதியுடையது ஜம்மென்று எரிந்தது. லைன்மேன் முனியன் வந்து பார்த்துவிட்டு, "சாய்ங்காலம் ஆச்சினா ஓல்டேஜ் பூடும் நைனா. ஓல்டேஜ் இருக்க சொல்லவே போட்டுடு. ஒருவாட்டி புடிச்சிகினா அப்பால அணையாது" என்றான்.

மறுநாள் பொழுது சாயுமுன்பே போட்டேன், பிடித்துக்கொண்டது. அன்று கஜபதி போட நேரமாகிவிட்டதால் அவருடையது கண் சிமிட்டியது. நான் ரெண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டேன். அவர் லேசுப்பட்டவரா? மறுநாள் பள்ளிக்கூடம் விடுவதற்குள் போட்டுவிட்டார். நான் மத்தியானச் சாப்பாட்டுக்கே போடச் சொன்னேன். முடிவில் இருவருமே காலையில் பட்டறைக்குக் கிளம்பும்போதே போட்டுவிட்டுப் போனோம். சுள்ளென்று வெயில் காய, இரண்டு வீட்டிலும் விளக்கு எரிய, தெருவில் போகிறவர்கள், "இன்னா, ஊட்ல எதனா விசேஷமா?" என்று விசாரித்தார்கள்.

இந்த நேரத்தில்தான் பூந்தமல்லியிலிருந்து வசந்தாவைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். பையனுக்கு ஆவடியில் நல்ல வேலை. முன்பே இரண்டு இடம் தட்டிப்போனது உனக்குத் தெரியும். இதுவும் போனால் அவள் மனசு விட்டுவிடும் என்று எனக்குப் பயம். வீட்டு அடையாளம் கேட்டார்கள். "தெருவில் டியூப் லைட் எரிகிற வீடு" என்று பெருமையாகச் சொல்லியனுப்பினேன். கஜபதி வீட்டிலும் எரிகிறது என்று என் வாயால் சொல்ல மனசு வரவில்லை.

அவர்கள் வருகிற அன்றைக்கும் விடிந்ததிலிருந்து விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. சாயங்காலம் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வந்தவன், பழக்க தோஷம், "பகல்ல எவ லைட்டு போட்டது?" என்று கத்திக்கொண்டே நானே அணைத்துவிட்டேன். மறுபடி போட்டால் வெறும் சிமிட்டல். இதற்கும் கஜபதிதான் காரணம். அவர் வாங்காவிட்டால் நான் வாங்கியிருப்பேனா?

பூந்தமல்லிக்காரர்கள் நேரே அவர் வீட்டுக்குள் நுழைந்து பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர் சோடா வாங்கிக் கொடுத்து உபசரித்திருக்கிறார். பெண்ணைக் கூப்பிடச் சொன்ன பிறகுதான் விஷயம் விளங்கி, அவரே அவர்களை நம் வீட்டுக்கு அழைத்துவந்தார். வந்தவர் சும்மா இருந்தாரா? "இன்னா வரதா, லைட்டு புடிக்கலியா?" என்று அத்தனை பேர் நடுவில் கேட்டார். நான் அடுப்படியிலிருந்த கரிபிடித்த பல்பைக் கழற்றிக் கூடத்தில் மாட்டியிருந்தேன். அதன் கீழேதான் வசந்தா பஜ்ஜித் தட்டோடு நின்றாள். பையனின் அம்மா பல்பைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், "போய் சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்துவிட்டார். வசந்தா தட்டைக் கழுவிக்கொண்டே, "ஏன் நைனா, அந்த லைட்டு இல்லினா நான் நல்லா இல்லியா?" என்று கேட்டாள்.

ஆகையால், மச்சான், வேப்பம்பட்டில் எங்களுக்கு ஒரு வீடு பார். பக்கத்து வீட்டில் டியூப் லைட் இருக்கக் கூடாது. கரெண்டே இல்லாவிட்டால் இன்னும் விசேஷம். திருவேற்காட்டு அம்மன் உன்னையும் உன் குடும்பத்தையும் பக்கத்து வீட்டாரைவிட ஒரு படி மேலாகவே வைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா,
வரதன்

பின்குறிப்பு: தபாலில் போடப் போகும்போது பையனின் அப்பாவே வந்துவிட்டார். சம்மதமாம்! பையனின் அம்மா சொன்னாராம்: "அந்த ஊட்டு வெள்ள வெளிச்சத்துல எம் புள்ள மூஞ்சே சீக்காளி மாரி இருந்துச்சு. இங்க வந்தப்பறம்தான் பொண்ணு மஞ்ச பூசின மாரி லச்சணமா தெரிஞ்சா." வசந்தா சிரிக்கிறாள். வீடு பார்க்க வேண்டாம். டியூப் லைட்டைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன். ஆனால் இதைக் கேள்விப்பட்ட கஜபதி தன்னுடையதையும் கழற்றிவிட்டு உடனே பல்பு மாட்டிவிட்டார். நம்முடையது நாற்பது வாட், அவருடையது அறுபதாம். நிச்சயதார்த்தத்துக்கு வரும்போது நூறு வாட் பல்பு ஒன்று வாங்கி வா. அவர் கண்ணில் படாமல் துணிப்பைக்குள் வைத்து எடுத்துவா.