உத்தமனுக்குத் தைத்த அங்கி

'உத்தமக் கணவன்' என்பதன் கடைசிப் புள்ளியைத் தையல்காரர் தங்க நூலால் வைத்துக்கொண்டிருந்த நேரத்தில், பள்ளி வேன் ஓட்டுநர் செய்தித்தாளும் கையுமாகக் கடைக்குள் பாய்ந்தார்.

"அண்ணே, நிறுத்துங்க! மெஷினை நிறுத்துங்க!"

தையல்காரர் மிதியிலிருந்து காலை எடுத்தார். "என்னய்யா, எங்கயாச்சும் தீப்பிடிச்சிருச்சா?"

"அதைவிட மோசம். இடியோட பொண்டாட்டி ரெண்டு பெட்டியைத் தூக்கிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்களாம். ஃபோட்டோவோட போட்டிருக்கான்."

மூலையில் ஜன்னலோரமாக உட்கார்ந்து சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த தையல்காரரின் மனைவி தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்: "பெட்டி பெருசா, சின்னதா?"

"பெருசுதான் அண்ணி. சக்கரம் வச்சது."

"அப்ப விவரமான பொண்ணு."

"நீ காஜாவைப் பாரு," என்றார் தையல்காரர்.

இடி என்பது குத்துச்சண்டை வீரனுக்கு ரசிகர்கள் வைத்த பட்டப்பெயர். போட்ட சண்டை இருபத்துமூன்று; ஜெயித்தது இருபத்திரண்டு. வருகிற ஞாயிற்றுக்கிழமை பட்டத்துக்கான சண்டை. அதற்கு முன்னால் ரசிகர் மன்றத்துக்கு மேடையில் மூன்றே மூன்று நிமிஷம் ஒதுக்கியிருந்தார்கள். அந்த மூன்று நிமிஷத்தில் மன்றச் செயலாளரான தையல்காரர், தாம் தைத்த சிவப்புச் சாட்டின் அங்கியைத் தம் கையாலேயே இடியின் தோளில் போர்த்தலாம். முப்பது வருஷமாக மற்றவர்களின் கால்சட்டைக்கு இடுப்பைப் பிடித்தும் விட்டும் கொடுத்தே முதுகு வளைந்த மனிதர். ஒரு தடவை வெளிச்சத்தில் நிமிர்ந்து நிற்க ஆசைப்பட்டதில் தப்பில்லை. அங்கியின் முதுகில் என்ன எழுதுவது என்று மன்றத்து ஆண்பிள்ளைகள் மூன்று பேர் உட்கார்ந்து யோசித்தார்களே, தப்பு அங்கேதான் தொடங்கியது.

அரை மணி நேரத்தில் மன்றத் தலைவர் வந்து சேர்ந்தார். அவருக்குத் தொழில் பல்செட் கட்டுவது. செய்தி கேட்ட பதற்றத்தில், யாரோ ஒருவருடைய கீழ்த்தாடை அச்சைக் கையோடு கொண்டுவந்துவிட்டார். பேசும்போதெல்லாம் அதை ஆட்டிக்கொண்டே பேசினார்.

"பொண்டாட்டியை வச்சுக் குடும்பம் நடத்தத் துப்பில்லாதவனை உத்தமக் கணவன்னு எழுதினா, நம்ம மூஞ்சியில என்ன எழுதுவாங்க?"

"சரியாச் சொன்னீங்க தலைவரே," என்று குதித்தார் ஓட்டுநர். "ஒருத்தின்னு வந்துட்டா ஒருத்தியோட இருக்கணும். அவங்க மனசு நோகாமப் பாத்துக்கணும். அதுதான் ஆம்பளைக்கு அழகு."

இந்த ஓட்டுநருக்குப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் ஒரு வீடு. செவ்வாயும் வியாழனும் அவருடைய சொந்த வண்டி எந்த வாசலில் நிற்கும் என்று தெருவில் குழந்தைக்குக்கூடத் தெரியும். குதிப்பதற்கு அது ஒரு தடையாக இருக்கவில்லை.

"கணவனை எடுத்துட்டு மகன்னு போட்டுடலாம்," என்றார் தையல்காரர். "உத்தம மகன். அம்மாவைப் பிடிக்காதவன் உலகத்துல உண்டா?"

எல்லோருக்கும் திருப்தி. தையல்காரர் பிளேடை எடுத்து, 'கணவன்' என்ற நாலு எழுத்தையும் பிரித்தார். பருத்தித் துணியாக இருந்தால் ஈரக்கையால் நீவிவிட்டால் போதும், ஊசித்தடம் மறைந்துவிடும். சாட்டின் அப்படியல்ல, ஒரு தடவை குத்தினால் குத்தினதுதான். நூல் போன பிறகும், பொட்டுப் பொட்டாக ஓட்டை நின்று, வெளிச்சத்தில் பிடித்தால் 'கணவன்' என்றே படிக்க முடிந்தது. அதனால் மேலே ஒரு ஒட்டுத் துணி வைத்து, அதில் 'மகன்' என்று தைத்தார். ஒட்டின் ஓரத்துக்கு மனைவி கைத்தையல் போட்டாள். அவள் ஊசியைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் நூல் கோத்தாள்.

"என்னங்க, கண் டாக்டர்கிட்டப் போகணும்னு சொல்லி மூணு மாசமாச்சு."

"ஞாயித்துக்கிழமை முடியட்டும்."

"எந்த ஞாயித்துக்கிழமை?"

அதற்குள் மெஷின் சத்தம் எழுந்துவிட்டது.

புதன்கிழமை மத்தியானம், தொலைக்காட்சியில் இடியின் அம்மா வந்தாள். நல்ல அம்மா, கேட்டதற்குக் கேட்டபடி பதில் சொன்னாள்.

"பையன் எப்படிம்மா இருக்காரு?"

"உங்க பெட்டியிலதான் பாக்கறேன். நேர்ல வந்து ரெண்டு வருஷமாச்சு. ஃபோன் பண்ணினா மூச்சு வாங்கிக்கிட்டே பேசுவான், ஓடிக்கிட்டிருக்கேம்மாங்கறான்."

அடுத்த நிமிஷம் தலைவர் கடையில் நின்றார். இப்போது கையில் மேல்தாடையும் சேர்ந்திருந்தது.

"பெத்தவளைப் போய்ப் பாக்காதவன் மனுஷனா? ரத்த பாசம்னு ஒண்ணு வேண்டாமா?" தாடைகள் இரண்டும் படபடவென்று அடித்துக்கொண்டன.

தலைவர் சொந்த அண்ணனோடு பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது. அண்ணன் மாடியில் இருக்கிறார், தலைவர் கீழே இருக்கிறார். ஒரு தண்ணீர்க்குழாய்த் தகராறு. படிக்கட்டில் எதிரும் புதிருமாக வந்துவிட்டால், இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு நடப்பார்கள். ரத்த பாசத்தைப் பற்றி இவருக்குத் தெரியாதது இல்லை.

"அப்ப மகனையும் எடுத்துடவா?" என்றார் தையல்காரர், வாடிய முகத்தோடு.

"எடுங்க. நண்பன்னு போடுங்க. கூடப் பழகினவன் விட்டுக் கொடுக்க மாட்டான்."

"இந்தத் தடவை விசாரிச்சுட்டுத் தைப்போம் தலைவரே. ஒட்டு மேல ஒட்டு ஏறுது."

விசாரித்துவிட்டுத் தைப்பதா, தைத்துவிட்டு விசாரிப்பதா என்று கை தூக்கி வாக்கெடுத்தார்கள். நாள் குறைவாக இருந்ததால், இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வதென்று முடிவாயிற்று.

தையல்காரர் தைத்தார். ஓட்டுநர் மறுநாள் காலையில் பதினாலு பிள்ளைகளோடு வேனை இடி குடியிருக்கும் தெருவுக்குள் திருப்பினார். வாட்ச்மேனிடம் கேட்டார், பால் போடுகிறவரிடம் கேட்டார், துணி தேய்க்கிற அம்மாவிடம் கேட்டார். வாசலில் எத்தனை ஜோடிச் செருப்பு கிடக்கிறது என்று பிள்ளைகளை விட்டே எண்ணச் சொன்னார். அன்றைக்குப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பரீட்சை. செருப்பை எண்ணியதுதான் அவர்கள் எழுதிய கணக்கு. தலைவர் பயிற்சிக்கூடத்து வாசலில் போய் நின்று, உள்ளே போகிறவன் வருகிறவனையெல்லாம் நிறுத்தி, "அவர் ஆளு எப்படி?" என்று கேட்டார்.

சாயந்திரத்துக்குள் பதில் வந்துவிட்டது. இடியின் பால்யத் தோழன் ஒருவன் சைக்கிள் கடை வைத்திருக்கிறான். "நண்பனா? என் கல்யாணத்துக்கே அவன் வரலை," என்றானாம்.

"ஏன் வரலையாம்?" என்று கேட்டாள் தையல்காரரின் மனைவி.

"அன்னைக்கு ஏதோ சண்டையாம். தாடையில அடிபட்டு ஆஸ்பத்திரியில கிடந்தானாம்," என்றார் ஓட்டுநர். "சாக்கு சொல்ல ஆளுக்குச் சொல்லியா கொடுக்கணும்?"

'நண்பன்' மேல் எழுத்தில்லாத இன்னொரு ஒட்டு விழுந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது எல்லாம் தலைகீழாயிற்று. இடியின் மனைவி திரும்பி வந்துவிட்டாள். அவளுடைய அம்மாவுக்கு இடுப்பெலும்பில் ஆபரேஷன், அதற்குத்தான் போனாளாம். பெட்டியில் இருந்தது போர்வையும் ஃபிளாஸ்க்கும். ஆஸ்பத்திரியில் மாமியாருக்கு இடி தலையணை சரிசெய்கிற படம் முதல் பக்கத்தில் வந்திருந்தது.

"பாத்தீங்களா! நான் அப்பவே சொன்னேன்," என்றார் தலைவர். அப்போது என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. "போடுங்க கணவனை!"

தையல்காரர் கணவனைப் போட்டார். இந்தத் தடவை ஊசி உள்ளே இறங்க மறுத்தது. சாட்டின், லைனிங், ஒட்டு, அதன் மேல் ஒட்டு, அதன் மேல் ஒட்டு. இரண்டு ஊசி உடைந்தது. மூன்றாவது ஊசியைக் கையால் தள்ளிய மனைவியின் விரலில் ரத்தம் வந்தது. அவள் அதை வாயில் வைத்துக்கொண்டு கணவனைப் பார்த்தாள். கணவன் அங்கியில் இருந்த கணவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலையில் இன்னொரு படம் வந்தது. ஓட்டல் வாசலில், யாரோ ஒரு பெண்ணோடு இடி சிரித்துக்கொண்டிருந்தான்.

"இந்த அநியாயத்தை எங்க போய்ச் சொல்ல!" என்று ஓட்டுநர் நெஞ்சில் கை வைத்தார். "வீட்டுல ஒருத்தி, வெளியில ஒருத்தி! இவனையெல்லாம் நம்பி நாம விசில் அடிச்சோமே!"

"அது அவனோட தங்கச்சியா இருக்கலாமில்ல?" என்றாள் மனைவி.

"தங்கச்சியோட யாராவது அப்படிச் சிரிப்பாங்களா அண்ணி?"

"அண்ணன்கூடச் சிரிச்ச ஞாபகம் உங்க தலைவருக்கு இருந்தா கேட்டுச் சொல்லுங்க."

தலைவர் தாடைகளை மேசைமேல் வைத்துவிட்டு இருமினார். பிறகு அவள்தான், நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னாள்:

"நான் ஒண்ணு கேக்கறேன். அவன் நல்லாக் குத்துறானா, இல்லையா?"

"குத்துறான்."

"அப்ப அதைத் தைங்களேன்."

மூன்று பேரும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். "குத்துறது என்ன பெரிய விஷயம்?" என்றார் தலைவர். "எவன் வேணும்னாலும் குத்துவான். குணம்னு ஒண்ணு வேணும்மா."

"குணத்தைப் பாக்கவா டிக்கெட் எடுத்துட்டுப் போறீங்க?"

தலைவர் மேசைமேலிருந்த தாடைகளைப் பார்த்தார். மேலதைக் கீழதோடு சேர்த்து மூடி வைத்தார்.

கடைசியில், ஒரு வார்த்தையும் வேண்டாம் என்று தீர்மானம் நிறைவேறியது. கழுத்திலிருந்து கீழ்விளிம்பு வரைக்கும் பெரிய சிவப்புத் துணி ஒன்றை வைத்து, எல்லாவற்றையும் மூடித் தைத்தார்கள். கழுத்தருகே முதலிலேயே தைத்திருந்த 'இடி' என்ற பெயரும் அதன் அடியில் போய்விட்டது. ஓட்டுநர் ஒரு தடவை போட்டுப் பார்த்தார். முதுகு பலகை மாதிரி விறைத்துக்கொண்டது. குனியவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கழற்றித் தரையில் வைத்தால், அங்கி தானாகவே நின்றது.

"கம்பீரமா இருக்கு," என்றார் தலைவர்.

"ஆமை ஓடும் கம்பீரமாத்தான் இருக்கும்," என்றாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தையல்காரர் சட்டைக்குக் கஞ்சி போட்டு, முகம் மழித்து, கண்ணாடி முன்னால் இரண்டு கையையும் உயர்த்தி, தோளில் போர்த்துவது போல மூன்று தடவை செய்து பார்த்தார். மனைவி கண் டாக்டரின் டோக்கனைக் கைப்பையில் போட்டுக்கொண்டு தனியாக வெளியே புறப்பட்டாள். எங்கே என்று கேட்க அவருக்கு நேரமில்லை. "இஸ்திரிப் பெட்டியை எங்க வச்சே?" என்று மட்டும் கேட்டார்.

அரங்கத்தின் பின்பக்கம் நீளமான நடை. தைல வாசனையும் ரப்பர் வாசனையும் மூக்கைத் துளைத்தன. சுவருக்கு அந்தப் பக்கம் கூட்டம் 'இடி, இடி' என்று ஒரே குரலில் கத்தியது. தையல்காரர் அங்கியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, குழந்தையை மருத்துவரிடம் காட்ட வந்த தகப்பனைப் போல நின்றார். அந்த ஒரு நிமிஷம், அந்த மனிதரைப் பார்த்தால் உங்களுக்கும் பாவமாகத்தான் இருந்திருக்கும்.

உடை மாற்றும் அறைக் கதவு திறந்தது. இடியின் கைக்குத் துணி சுற்றிக் கட்டுகிற பெரியவர், தோளில் துண்டோடு வெளியே வந்தார்.

"ரசிகர் மன்றமா?"

"ஆமாங்க. நான்தான் செயலாளர்." தையல்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த பேச்சு. "அவர்கிட்ட ஒண்ணு சொல்லணும். அவரோட சொந்த வாழ்க்கையில ஆயிரம் குறை இருக்கலாம். கணவனா, மகனா, நண்பனா எல்லாத்தையும் நாங்க தீர விசாரிச்சுட்டோம். மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு. இருந்தாலும் எங்க மன்றம் பெருந்தன்மையா அவரை மன்னிச்சுட்டுதுன்னு சொல்லுங்க."

"ஏகமனதா," என்றார் தலைவர்.

"என்னோட ஓட்டும் சேத்து," என்றார் ஓட்டுநர்.

பெரியவர் அங்கியை வாங்கி, விளிம்பைத் திருப்பி, தையலை விரலால் தடவிப் பார்த்தார். கனத்தைக் கண்டு ஒரு தடவை புருவத்தை உயர்த்தினார். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

வெளியே ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிட ஆரம்பித்தார்கள். தையல்காரர் கஞ்சி போட்ட சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மூன்று நிமிஷத்தில் ஒரு நிமிஷம் போயிருக்கும்.

கதவு திறந்தது. பெரியவர் மட்டும்தான் வந்தார். அங்கி அவர் கையிலேயே, கொடுத்தது கொடுத்தபடி விறைப்பாக இருந்தது. அதைத் தையல்காரரின் கையில் மெதுவாகத் திருப்பி வைத்தார்.

"தையல்ல எங்க தம்பி ஒரு குறையும் சொல்லலைங்க, ஆனா நீங்க அவரைப் பத்தி விசாரிச்ச மாதிரியே அவரும் உங்க மூணு பேரைப் பத்தி ஊர்ல விசாரிச்சுப் பாத்தாராம், இப்படிப்பட்டவங்க கையால அங்கி போட்டுக்கிட்டா அவர் பேரு கெட்டுப்போயிடுமாம்."