அஜீஸாவின் காலேஜ் மனு

சேலம், 2-6-1937

மதராஸில் இருக்கும் அன்புள்ள மச்சான் பரக்கத் அலி அவர்களுக்கு, பஷீர் அகமது எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லாரும் உடம்பில் சுகம். மனசில் சுகமில்லாதவன் நான் ஒருவன்தான். தாங்களும் பிள்ளைகளும் நலமாயிருக்க துஆ செய்கிறேன். இந்தக் கடிதத்தை நின்றுகொண்டே படித்துவிட்டு, உடனே காலேஜுக்குப் புறப்பட வேண்டும்.

என் மகள் அஜீஸாவைக் காலேஜில் சேர்க்கத் தாங்கள் அனுப்பிய மனு பாரம் வந்ததிலிருந்து பதினைந்து நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு நற்சாட்சிப் பத்திரம், பெண்ணே சொந்தமாக இங்கிலீஷில் எழுதிய ஒரு பக்கக் கட்டுரை, எல்லாம் ஐந்தாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும் என்று போட்டிருந்தது. முதலில் எங்கள் வார்டு கவுன்சிலர் அப்புசாமியிடம் போனேன். கேட்டதும் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அஜீஸா படித்துப் பார்த்தால், பஷீர் அகமது ஒழுக்கமானவர், குடிப்பழக்கம் இல்லாதவர், காலேஜில் சேர எல்லா வகையிலும் தகுதியானவர் என்று இருக்கிறது. திரும்ப ஓடினேன். “உங்க புள்ளைய நான் பாத்ததே இல்லீங்களே. பாக்காதவங்களப் பத்தி எப்பிடிங்க கையெழுத்துப் போடறது? உங்களத்தானுங்க எனக்குத் தெரியும்” என்றார். மறுநாள் அவளையே கூட்டிப்போனேன். “ஏதாச்சும் பேசு சாமி, கேக்கலாம்” என்றார். இவள், “எங்க தெருச் சாக்கடை மூணு மாசமா அடைச்சுக் கெடக்குதுங்க. நீங்க இன்னும் வந்து பாக்கலீங்க” என்றாள். அவர் பேனாவை எடுத்து, அஞ்சாமல் உண்மை பேசக்கூடிய பெண் என்று எழுதினார்.

இரண்டாவது பத்திரத்துக்குத் தலைமையாசிரியை அம்மாளைத் தேடி அஸ்தம்பட்டிக்குப் போனால், கோடைக்கு ஏற்காடு போய்விட்டார்களாம். மலைப் பாதையில் பஸ் மூன்று வளைவுக்கு ஒரு தரம் கொதித்து நின்றது. அன்று ஊரைவிட்டே கிளம்ப இருந்த அம்மாள், குடையும் கையுமாக வாசலில் நின்றபடி எழுதி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார்கள். இறங்கும்போது உறையை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன். “கீழ வைங்கத்தா” என்றாள் கூட வந்த அஜீஸா.

இதுவரை நடந்தது அலைச்சல். இனிமேல் எழுதப்போவது நான் செய்த பாவம். கட்டுரையை அவள் எனக்குக் காட்டவில்லை; கவுன்சிலரிடம் சாக்கடையைச் சொன்னது போல அதிலும் எதையாவது சொல்லியிருப்பாளோ என்று எனக்குக் கவலை. நான் நாலாம் பாரம் வரை படித்தவன் அல்லவா? நூல் கடையைச் சாத்திவிட்டு, அகராதியை வைத்துக்கொண்டு, அடக்கமான மனைவியாகவும் சக்கரவர்த்திக்கு விசுவாசமான பிரஜையாகவும் இருப்பதற்கே படிக்க விரும்புகிறேன் என்று, அவள் எழுத்தைப் போலவே உருட்டி உருட்டி நானே ஒன்று எழுதினேன். நேற்று அவள் லுஹர் தொழப் போன நேரத்தில், இன்னும் ஒட்டாத உறையிலிருந்து அவளுடையதை எடுத்து, என்னுடையதை வைத்துவிட்டேன். படித்தால் மனசு மாறிவிடுமோ என்று பயந்து, அவளுடையதைப் படிக்காமலே அடுப்பில் போட்டேன். பிறகு நான் ஜட்கா பிடிக்கப் போக, அவள் உறையை ஒட்டி வைத்திருந்தாள். ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் மெயிலில் சேர்த்தேன்.

ராத்திரி சோறு போடும்போது, “எடம் கெடச்சா அது நான் எழுதினதுக்குத்தானுங்கத்தா” என்றாள். பாரத்தின் அடியில், பிறர் எழுதியது என்று தெரிந்தால் மனு தள்ளப்படும் என்று இருப்பதை இன்று காலையில்தான் பார்த்தேன். ஆகையால் மச்சான், தாங்கள் பிரின்ஸிபால் அம்மாளைப் பார்த்து, அந்தக் காகிதத்தை எப்படியாவது வாங்கிவிட வேண்டும். குற்றம் தகப்பனுடையது, பெண்ணுக்குத் தெரியாது என்று சொல்லவும். அவளிடம் நானே சொல்லி, வேறு எழுதச் சொல்கிறேன். அவள் என் முகத்தைப் பார்ப்பாளா தெரியவில்லை.

தங்கள் தங்கை சாயிரா பானு எல்லாருக்கும் சலாம் சொல்கிறாள். பிள்ளைகளுக்கு என் துஆ.

இப்படிக்கு,
பஷீர் அகமது

பின்குறிப்பு: வாயால் சொல்லத் தைரியம் வராமல், இந்தக் கடிதத்தையே அஜீஸா கையில் கொடுத்தேன். முழுவதும் படித்து, இரண்டு எழுத்துப்பிழை திருத்தினாள். பிறகு, “உங்கள எனக்குத் தெரியாதுங்களாத்தா? ரெண்டு காப்பி எழுதி வச்சிருந்தேன். ஒட்டறப்போ பாத்துட்டு, உங்களுத எடுத்துட்டு இன்னொரு காப்பிய வச்சுட்டேன்” என்றாள். ஆகவே போனது அவள் எழுதியதேதான். எதையும் திரும்ப வாங்க வேண்டாம். ஆனாலும் தாங்கள் காலேஜுக்குப் போகத்தான் வேண்டும். அவள் கட்டுரையில் என்னைப் பற்றி ஆறு வரி இருக்கிறதாம். என்னவென்று கேட்டால், “அடுப்புல போடறதுக்கு முந்தி படிச்சிருக்கலாமுங்க” என்கிறாள். அந்த ஆறு வரியை மட்டும் எப்படியாவது பார்த்து எழுதவும்.