குலம் சொன்ன கவை

சனிக்கிழமை மதியம் ஆலைச் சங்கு ஊதி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஓக்கன்ஷா கூட்டுறவு மண்டபத்து வாசலில் தொடங்கிய வரிசை, இறைச்சிக்கடையைத் தாண்டி வளைந்து நின்றது. இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளில் பாதி மூடிக் கிடந்த காலம் அது. ஆனாலும் தலைக்கு அரை கிரவுன் கொடுக்க ஊரே தயாராக இருந்தது. காரணம், புரொபசர் மார்ட்டிமர் லேன்ஸ்டன் வந்திருந்தார். நாக்கில் ஒட்டிய ஊர் மண்ணைக் கழுவி, சுத்தமான ஆங்கிலத்தைப் பூசி அனுப்புகிறவர். எந்தக் கல்லூரியின் புரொபசர் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் மரியாதையாக இருக்காதல்லவா.

அவரிடம் ஓர் இசைக்கவை இருந்தது. எஃகில் செய்தது, இரண்டு பல். மேடையேறியவர் ஒரு வரி சொல்வார். புரொபசர் கவையை மேசையில் தட்டி, அவர் தாடையில் வைத்துச் சற்று நேரம் சும்மா இருப்பார். அப்புறம் அருள்வாக்கு வரும்.

"உன் தந்தை நிலக்கரி வண்டி ஓட்டியவர். உன் அன்னைக்கு இடுப்பு வலி. உங்கள் தெருமுனையில் மதுக்கடை உண்டு. அத்தனையும் உன் உச்சரிப்பில் ஒலிக்கின்றன."

அத்தனையும் சரியாக இருக்கும். கூட்டம் மூச்சை இழுத்துப் பிடிக்கும். மதுக்கடை இல்லாத தெருமுனை அந்த ஊரில் ஒன்றுகூட இல்லை என்பதை யோசிக்க யாருக்கும் நேரமில்லை.

ஒரே ஒரு நிபந்தனை. கவை பேசும்போது எல்லாரும் கண்ணை இறுக மூடிக்கொள்ள வேண்டும். கண் பட்டால் தூய ஒலி கலைந்துவிடுமாம். மூடினார்கள்.

மூன்றாவது பெஞ்சில் பெர்த்தா ஷோராக்ஸ் மட்டும் மூடவில்லை. அவள் பெரிய அறிவாளி என்பதால் அல்ல. இருபத்தாறு வருஷம் தறிகளுக்கு நடுவே நின்று காது மந்தமாகிவிட்டது. கண்ணை மூடினால் அவளுக்கு எதுவுமே கேட்காது. ஆலைக்குள் எந்த நெசவுக்காரிக்கும் காது உதவாது. உதட்டை அகல அசைத்துச் சத்தமில்லாமல் பேசுவார்கள், எட்டுத் தறி தள்ளி நிற்பவள் கண்ணாலேயே கேட்டுக்கொள்வாள். அப்படித்தான் அங்கே கல்யாணமும் சண்டையும் பேசி முடிப்பார்கள்.

பெர்த்தாவின் ஒரு பக்கத்தில் கணவன் எஸ்ரா. மறுபக்கம் மகள் வினி, வாயில் ஒரு தக்கையோடு. வரும் செவ்வாய்க்கிழமை அவளுக்கு டெலிபோன் நிலையத்தில் வேலைத் தேர்வு. மூன்று வாரத்துக்கு முன்பு, புரொபசர் முதல்முறை வந்தபோது, கவை அவளுக்குத் தீர்ப்புச் சொல்லியிருந்தது: தாயின் பேச்சு மகளின் நாக்கில் ஊறிவிட்டது, தக்கையைக் கடித்துக்கொண்டு பயிற்சி செய், வீட்டில் யாரோடும் பேசாதே. அன்றிலிருந்து வினி வீட்டில் வாயைத் திறக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் மகளின் உதட்டைப் பார்த்துப் பார்த்துப் பெர்த்தாவுக்குக் கண் பூத்துப்போனது. தன்னிடம் பேசினால் பிள்ளை கெட்டுப்போகும் என்று ஒருவன் காசு வாங்கிக்கொண்டு சொல்லியிருக்கிறான். அது அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது.

இப்போது மேடையில் ஒரு ரொட்டிக்கடைக்காரர். புரொபசரின் பார்வை தாடையில் இல்லை. வாசலில் இருந்தது. பெர்த்தா திரும்பிப் பார்த்தாள். டிக்கெட் கிழித்தபடியே எல்லாரிடமும் வீட்டுக்கதை விசாரிக்கும் மிஸ் டாஃப்னியின் உதடுகள், சத்தமில்லாமல், ஆலைக்காரி மாதிரியே அகலமாக அசைந்தன. 'ரொட்டிக்கடை. ரெண்டு பொண்டாட்டி. மூத்தவ செத்துட்டா.'

"தங்கள் முதல் மனைவி காலமாகிவிட்டார்," என்றார் புரொபசர்.

ரொட்டிக்கடைக்காரர் அழுதார்.

பெர்த்தா எழுந்து வாசலுக்குப் போனாள். "என் பேரையும் எழுதிக்கம்மா. நான் புருஷன இழந்தவ. அவரு கப்பல்காரரு. சிலிக்குப் போற வழியில முழுகிட்டாரு."

"அடப் பாவமே," என்று மிஸ் டாஃப்னி கையைத் தடவிக்கொடுத்தாள். "புள்ளைங்க இருக்கா?"

"ஒரு கிளி இருக்கு."

பெர்த்தாவின் முறை வந்தது. கவை தாடையில் அமர்ந்தது.

"கடல்," என்றார் புரொபசர் கண்கள் செருகி. "உன் உச்சரிப்பில் உப்பு இருக்கிறது. சிலியின் அருகே மூழ்கிய கப்பல். உன் தனிமைக்குத் துணையாக ஒரு கிளி."

"எஸ்ரா, எந்திரிய்யா."

எஸ்ரா எழுந்தான். "சிலியா? நான் பிளாக்பூல் கடற்கரையத் தாண்டிப் போனதில்லையே. அங்கயும் முழங்கால் தண்ணிதான்."

இருநூறு பேர் கண்ணைத் திறந்தார்கள்.

"சில சமயம் முந்தைய நபரின் ஒலி கவையில் தங்கிவிடும்," என்றார் புரொபசர்.

"ரொட்டிக்கடைக்காரரு எப்பங்க முழுகினாரு?" என்றாள் பெர்த்தா. பிறகு கூட்டத்தைப் பார்த்து, குரலே இல்லாமல் உதட்டால் சொன்னாள்: 'வாசல்ல இருக்கிறவ வாயப் பாருங்க.'

இருநூறு தலைகள் திரும்பின. மிஸ் டாஃப்னி அந்த நேரத்தில் மேடைக்கு அவசரமாக ஒரு சேதி அனுப்பிக்கொண்டிருந்தாள். 'பின்கதவு. ஓடு.'

முழு மண்டபமும் அதைப் படித்தது. முன்வரிசைக் கிழவி ஒருத்தி உதட்டாலேயே பதில் சொன்னாள்: 'அது பூட்டியிருக்கு கண்ணு.'

"எந்த ஆலைய்யா நீ?" என்று கேட்டாள் பெர்த்தா.

புரொபசர் கவையை மேசையில் வைத்தார். "பர்ன்லி ஊர் ஆலைங்க. நாலு தறி ஓட்டிக்கிட்டிருந்தேன். மூடிட்டாங்க. வேற என்னத்தப் பண்ண." அந்தப் பேச்சில் பர்ன்லி முழுவதும் இருந்தது. வசூல் டப்பாவைத் திறந்து அவரவர் அரை கிரவுனை எடுத்துக்கொண்டார்கள்.

வினி தக்கையை வாயிலிருந்து எடுத்தாள். தாடை வலித்தது. "அம்மா, செவ்வாக்கெழம நான் எப்படித்தான் பேசறது?"

பெர்த்தா அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியது. "கேக்கறவங்களுக்குப் புரியற மாதிரி பேசு. அதுக்குத்தானே வாயி."

அப்போது பக்கத்துத் தெரு மிஸஸ் கிரிம்ஷா மேடையை எட்டிப் பார்த்தாள். அவளுடைய மூன்று பிள்ளைகளும் வீட்டில் தக்கை கடித்துக்கொண்டிருந்தன. "ஆளு திருடன், சரி. ஆனா கவை நல்ல கவையா இருக்கலாமில்ல? அதை யாரு எடுத்துட்டுப் போறது?"

அவளுக்குப் பின்னால் அதற்குள் நாலு பேர் வரிசையில் நின்றுவிட்டார்கள்.

வினி கவையை எடுத்து மிஸஸ் கிரிம்ஷாவின் கையில் வைத்தாள். பிறகு ஓக்கன்ஷாவின் அத்தனை கொச்சையோடும், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"நீங்களே கொண்டு போங்க அத்தே. ஆனா தாடையில வேண்டாம், தலையில வச்சுப் பாருங்க. உள்ள ஏதாச்சும் ஓடுதா, இல்ல அந்த ஆலையும் மூடியாச்சான்னு தெரிஞ்சிரும்."