சம்பந்தி அம்மாளுக்கு, டப்பா பால் விஷயமாக

திருத்தணி,
வியாழக்கிழமை

ஆர்.கே.பேட்டை சம்பந்தி மணியம்மை அம்மாள் அவர்களுக்கு, தணிகாசலம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே என் மகள் கல்பனாவும், பிறந்து பதினான்கு நாளான தங்கள் பேரனும் நலம். அங்கே தங்கள் நலமும் கறவை மாடுகளின் நலமும் அறிய ஆவல். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் தாங்கள் பேசி முடிப்பதற்குள் என் போனில் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுப்பவன், இன்று எனக்காக ஒன்று எழுதுகிறேன்.

"எங்க வூட்டுக் கொழந்த டப்பா பால் குடிக்காதுங்க" என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டுப் போனீர்கள். அன்று முதல் என் மனைவி தாயம்மாள், மகளுக்குப் பால் ஊறட்டுமென்று அடுப்பை அணைக்கவில்லை. பாலில் பூண்டு வேகவைத்தாள், பால்சுறாவில் புட்டு செய்தாள், மூன்று வேளையும் முருங்கைக்கீரை வதக்கினாள், கல்பனா முடியாமல் தள்ளிவைத்ததையெல்லாம் வீணாக்கக் கூடாதென்று நான் சாப்பிட்டேன், பூண்டு வாடை தாங்காமல் மனு எழுத வருகிறவர்கள் நாலடி தள்ளி நின்றே விவரம் சொல்கிறார்கள், எனக்கு இரண்டு கிலோ ஏறியது, குழந்தைக்கு இறங்கியது. பார்க்க வந்தவர்கள் குழந்தையின் முகத்தைப் பார்க்குமுன் "பால் வருதாம்மா?" என்று கேட்டார்கள். கேபிள்காரர்கூடக் கேட்டார். கல்பனா ஒவ்வொரு முறையும் சிரித்துச் சமாளித்தாள். பத்தாம் நாள் அவளால் சிரிக்க முடியவில்லை. குழந்தை இழுத்து இழுத்துப் பார்த்து அழ, இவளும் அழுதாள். "எல்லாருக்கும் வருது, எனக்கு மட்டும் ஏன் நைனா பத்தல? நான் இன்னா தப்பு பண்ணேன்?" என்றாள்.

டாக்டரம்மாவிடம் ஓடினோம். எடை போட்டுப் பார்த்தார், பிறந்தபோது இருந்ததைவிடக் குறைவு. "யார் மேலயும் தப்பில்லம்மா, கொழந்தைக்குப் பசி. மொதல்ல தாய்ப்பால் குடு. அப்புறம் நான் சொல்ற அளவு டப்பா பால். ரெண்டும் போகட்டும்" என்றார். டப்பாவை வாங்கியவன் நான்தான். சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வரும்போது எதிர்வீட்டு எல்லப்பன், "இன்னாபா, சரக்கா?" என்று கேட்டான். "ஆங்" என்று சொல்லிவிட்டேன். அந்த நேரத்தில் அதுதான் கௌரவமாகத் தோன்றியது. அன்று மத்தியானம் குழந்தை குடித்துவிட்டு, மூடிய கை விரியத் தூங்கியது. பக்கத்திலேயே கல்பனாவும் தூங்கினாள். பத்து நாளில் அவள் அப்படித் தூங்கி நாங்கள் பார்த்ததில்லை. தாயம்மாள் மிக்ஸியைக்கூட ஓட்டவில்லை.

ஆகவே கோபம் இருந்தால் என்மேல் காட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை வரும்போது அவளிடம் பாலைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்க வேண்டாமென்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். தணிகை முருகன் தங்கள் வீட்டையும் தொழுவத்தையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
தணிகாசலம்

பி.கு.: கவரை ஒட்டும்போது தாங்களே டவுன் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டீர்கள். "போன்ல உன் கொரல் சரியில்ல, அதான் வந்தேன்" என்று கல்பனா பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். "உன் வூட்டுக்காரனுக்கு மூணு மாசம் டப்பா பால்தாம்மா. எனக்கு சுத்தமா வரல. மாமியாருக்குத் தெரியாம அரிசிப் பானைல ஒளிச்சி வச்சிருந்தேன். இதுவரிக்கும் யாராண்டயும் சொன்னதில்ல" என்று சொன்னதும், பிறகு இரண்டு பேரும் அழுததும், சிரித்ததும் கதவுக்கு இந்தப் பக்கம் கேட்டது. எழுதிவிட்டேன், கிழிக்க மனமில்லை. காபியோடு கொடுத்தனுப்புகிறேன். படித்துவிட்டுத் தள்ளுபடி செய்யவும்.