படுக்கப்போடு சாரும் என் ஒன்பது மாடியும்

நிற்கிற எதையும் பொறுக்காத ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் படுக்கப்போடு சார்தான். தஞ்சாவூரில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் அவரும் நானும் பக்கத்துப் பக்கத்து மேஜையில் பிளான் போட்டோம். யார் மாடிக் கட்டடம் வரைந்தாலும் எட்டிப் பார்த்து, "அதைப் படுக்கப் போடுங்க சார்" என்பார். யாராவது நின்றுகொண்டு டீ குடித்தால்கூட அவர் கை பரபரக்கும்.

எனக்கு அவர்மேல் பொறாமை. இன்றைக்கும் உண்டு.

என் ஒன்பது மாடி அடுக்ககத்துக்கு மூன்று மாதம் உட்கார்ந்து தெர்மாகோலில் மாடல் செய்தேன். வீடு வாங்க வந்தவர்களுக்கு முதலாளி அதைக் காட்டிக்கொண்டிருந்தபோது, படுக்கப்போடு சார் விறுவிறுவென்று வந்து அப்படியே சாய்த்துவிட்டார்.

"இப்பப் பாருங்க, அத்தன பேருக்கும் வாசல் கெடச்சிருச்சு."

"யோவ், இவ்வளவு நீளத்துக்கு எடம் எங்கய்யா இருக்கு?" என்று கத்தினேன்.

"வாய்க்கால் ஓரமா நீளநீளமா மேட்டுத் திடல் சும்மாத்தான கெடக்கு? அது போகட்டும். வருஷத்து நெல்ல உங்க ஒம்போதாவது மாடில எங்க சார் வைப்பாங்க?"

திருவையாற்றுப் பக்கம் நிலம் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை நான். நெல் மூட்டைக்கு இடம் விட மறந்திருக்கிறேன்! வந்திருந்த ஓர் அம்மாள், "அந்த சார் கேக்கறதுதாங்க நியாயம்" என்று கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

அன்றைக்கே படுக்கப்போடு சாருக்கு வேலை போயிற்று. மனிதர் அசரவில்லை. அந்த அம்மாளோடு இன்னும் எட்டுக் குடும்பத்தைச் சேர்த்து, ஊருக்கு வெளியே ஒரு திடலில் ஒன்பது வீட்டை ரயில் பெட்டி மாதிரி ஒட்டிக் கட்டினார். மொட்டைமாடி எல்லோருக்கும் ஒன்று, கடைசியில் எல்லோருக்குமாக ஒரு நெல் அறை. என் மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

என் கட்டடமும் எழும்பியது. வீம்புக்கு ஒன்பதாவது மாடியிலேயே குடியேறினேன். அறுவடை முடிந்து ஆறு மூட்டை நெல்லோடு லிஃப்டில் ஏறினால், நாலாவது மாடியைத் தாண்டியதும் அது நின்றுவிட்டது. என் மனைவி மெக்கானிக்குக்கு மட்டும் போன் செய்திருக்கலாம். படுக்கப்போடு சாருக்கும் செய்துவிட்டாள்.

"பயப்படாதீங்க சார், நான் வெளியிலதான் உக்காந்திருக்கேன்" என்று கதவுக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்டது. ஒரு மணி நேரம் பேச்சுக் கொடுத்தார். படுக்கப் போடுவதைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் சண்டை போட்டு மனம் ஆறியிருப்பேன். சொல்லவில்லை.

லிஃப்ட் திறந்ததும் மூட்டைகளை அந்த ஒன்பது வீட்டு நெல் அறைக்கே கொண்டுபோகச் சொன்னார். ஒன்பது குடும்பத்துக்கு அங்கே பத்துத் தடுப்புகள் இருந்தன. பத்தாவதில் பெயிண்டில் என் பெயர்.

"இதை எப்ப சார் எழுதுனீங்க?"

"கட்டுனப்பவே. எப்படியும் எடமில்லாம திண்டாடுவீங்கன்னு தெரியும்ல?"

இந்த மனிதர்மேல் நிம்மதியாகப் பொறாமைப்படக்கூட முடியவில்லை.